சூரியனா, மனிதனா?

சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல் வேளையில் கரியாஹாட் நாற்சந்தியில் பேருந்துக்குக் காத்திருப்போர் அனைவரும் வெயிலைப் பற்றியே பேசுகின்றனர். இளநீர்க்காரர் அருகே நிழலுக்கு ஒதுங்கும் நம்மவரிடையேயும் அதே பேச்சுத்தான். "ஆண்டுக்கு ஆண்டு சூடு ஏறுகிறதே" என்பார் ஒருவர். "சூரியனுடைய போக்கு அது, நாம் என்ன செய்ய முடியும்?" என்பார் இன்னொருவர். "மரங்களை வெட்டினோம், வண்டிகளைப் பெருக்கினோம், சூரியன்மேல் பழி போடுவானேன்?" என்பார் மூன்றாமவர். பேருந்து வந்ததும் வழக்கு தீராமலே கலைந்துவிடும்.

இவ்வழக்கு புதிதன்று. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர், இதே நகரம் நாட்டின் தலைநகராய் இருந்த காலத்தில், இதனையொத்த வழக்கொன்று எழுந்தது. அதற்குச் சான்றாக வைக்கப்பட்டது சென்னையின் மழைக் கணக்கு. ஆதலின், பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அவ்வரலாறு தனியே உரிமையுடையது.

1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. பின்னர் 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. இவற்றின் விளைவாக 1875-இல் இந்திய வானிலைத் துறை கல்கத்தாவில் நிறுவப்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டே தென்னாட்டில் மழை தவறியது. நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லிச் சென்ற கொடுமை அதுவே. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணித்துள்ளனர்.

காரணம் யாது? இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவரான வில்லியம் ஹண்டர் 1877-இல் ஒரு விடை கூறினார். சூரியனின் மேற்பரப்பில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் சென்னையில் மழையும் குறைகிறது என்றார் அவர். அதே ஆண்டில் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி அக்கணக்கைச் சோதித்து, அத்தகைய தொடர்புக்குப் போதிய ஆதாரம் இல்லையென மறுத்தார்.

ஹண்டரின் கொள்கையில் ஆட்சியாளருக்கு ஒரு வசதியும் இருந்தது. மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பழி சூரியனைச் சேருமானால், அதனைத் தடுக்காத அரசை யார் கேட்பார்? மழை பொய்த்தது இயற்கையால்; அது பெரும் சாவாக முற்றியதில் மனிதர்க்கும் பங்குண்டு. இவ்விரண்டையும் பிரித்துக் காணாமையே அன்றைய பிழை.

எனினும், அக்கொள்கையால் ஒரு நன்மை விளைந்தது. சூரியனை இடைவிடாது ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1899-இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வருகின்றனர். மற்றொரு புறம், 1904-இல் வானிலைத் துறையின் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், நம் மழைக்கும் தொலைவிலுள்ள பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டார். 1877-இன் வறட்சிக்குக் கடுமையான 'எல் நினோ' எனும் கடல் வெப்ப நிலையே முதன்மைக் காரணம் என்பது இன்றைய முடிவு. ஆக, காரணம் இயற்கையே. ஆனால் சூரியப் புள்ளிகள் அல்ல.

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். உலகத்தின் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரையிலான நிலையைவிட, 2011–2020-இல் சுமார் 1.1 டிகிரி உயர்ந்துள்ளது. இதற்கும் சூரியன் காரணமாகலாம் அன்றோ? ஐயம் நியாயமானதே, விடையை அளவீடுகள் தருகின்றன. 1978 முதல் செயற்கைக் கோள்கள் சூரிய ஒளியின் ஆற்றலை நேராக அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் அது மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்களவே. புள்ளிகளின் பெருக்கம் 1957–58-இல் உச்சத்தை எட்டியது. 2014-இல் உச்சமடைந்த சுழற்சியோ நூறாண்டுகளில் மிகவும் தளர்ந்த ஒன்று. சூரியன் தணிந்தது, பூமியோ சூடேறியது. மேலும், சூரியனே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்துள்ளது, கீழடுக்கு மட்டுமே சூடேறியுள்ளது. கம்பளி போர்த்தவன் நிலை இது: போர்வைக்குள் வெம்மை, வெளியே குளிர்.

அப்போர்வை கரியமில வாயு. நிலக்கரி எரிவதால் அது பெருகிப் பூமியைச் சூடாக்கும் என்று ஸ்வீடன் நாட்டு அரேனியஸ் 1896-இலேயே கணக்கிட்டார். 1958-இல் ஹவாயித் தீவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது சுமார் 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அது எரிமலையிலிருந்து வந்ததா, நம் அடுப்பிலிருந்து வந்ததா என்பதற்கும் சான்றுண்டு. வளிமண்டலத்திலுள்ள கரியில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உடையது. பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியில் அது முற்றிலும் அழிந்திருக்கும். அத்தகைய பழங்கரி காற்றில் கலந்துள்ளதை 1955-இல் ஹான்ஸ் சூஸ் மரங்களை ஆராய்ந்து காட்டினார். எரிமலையோ பெரும்பாலும் குளிரையே தருகிறது: 1991-இல் பினடூபோ வெடித்தபின், உலக வெப்பம் சிறிது காலம் அரை டிகிரியளவு தாழ்ந்தது.

நாற்சந்தியின் மூன்றாமவர் கூற்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். மரமின்மையும் கான்கிரீட்டும் கரியாஹாட்டின் வெம்மையைக் கூட்டுவது உண்மை. ஆயினும், அது நகரளவில் நிற்பது. கட்டடமே இல்லாத நடுக்கடலும் பனிமலையும் சூடேறியதற்குக் காரணம் கரியமில வாயு முதலிய வாயுக்களே. உலக அரசுகளின் பருவநிலை அறிஞர் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையும், வெப்ப உயர்வு ஏறத்தாழ முழுவதும் மனிதச் செயலால் ஆனது என்றும், சூரியனும் எரிமலையும் தந்த மாற்றம் ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும் என்றும் முடிவு கூறிற்று.

'சூடு ஏறியது' என்பது தன்வினை. 'சூட்டை ஏற்றினோம்' என்பது பிறவினை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், செய்தவரை மறைக்கும் வாக்கியங்களை நாள்தோறும் காண்கிறோம். இங்கே பிறவினையே பொருந்தும். அவ்வினையிலும் அனைவர்க்கும் சம பங்கில்லை. கரியாஹாட் நடைபாதையில் நாளெல்லாம் நின்று துணி விற்பவர் எரித்த எரிபொருள் சொற்பம். அவர் தாங்கும் வெயிலோ அதிகம். தாது வருஷத்தில் பழியைச் சூரியன்மேல் ஏற்றியபோது, எளியவரே மாண்டனர். அதே பிழையை மீண்டும் செய்யலாகாது. சூரியனை மாற்ற நம்மால் இயலாது. நாம் மூட்டிய தீயைத் தணிக்க நம்மால் இயலும்.