சுண்ணாம்புச் சத்தும் உயிரணுவின் மின்சாரமும்

உடலினின்று பிரித்தெடுத்த ஓர் உறுப்பையோ ஒற்றை உயிரணுவையோ ஆராயப் புகுகின்றவர், அதை வைத்துக் காப்பதற்குரிய திரவத்தை முதலில் தயாரித்துக் கொள்ளவேண்டும் என்பதும், அத்திரவத்திலுள்ள கால்சியத்தின் அளவே பரிசோதனையின் முடிவைப் பெரிதும் நிர்ணயிக்கும் என்பதும் இன்று உடலியல் மாணவர் யாவரும் அறிந்தவை. இந்த ஞானம் முதன்முதலில் கிடைத்தது லண்டன் மாநகரத்துக் குடிநீர்க் குழாயிலிருந்து என்பது அத்தனை பேருக்குத் தெரியாது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியராக விளங்கிய ஸிட்னி ரிங்கர், தவளையின் இருதயத்தைத் தனியே எடுத்து, எந்த உப்புக்கள் அதைத் துடிக்க வைக்கின்றன என்று ஆராய்ந்து, சோடியம் உப்போடு சிறிதளவு பொட்டாசியம் சேர்ந்தால் போதும் என்ற கருத்தை 1882-இல் வெளியிட்டார். பின்னர், தாம் உபயோகித்தது வடித்த நீரன்று, நியூ ரிவர் கம்பெனியாரின் குழாய் நீர் என்பது தெரியவரவே, காய்ச்சி வடித்த நீரிலே அதே கரைசலைச் செய்து பார்த்தார்; முன்பு கண்ட விளைவு கிட்டவில்லை. ஹர்ட்போர்ட்ஷயர் ஊற்றுக்களிலிருந்து 1613-இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாயின் வழியே வந்த அக்குழாய் நீரில், சுண்ணப் பாறைகளிலிருந்து கரைந்த கால்சியம் இயல்பாகவே கலந்திருந்தது. தம் பிழையை மறைக்காமல் 1883-இல் அச்சில் அறிவித்து, கால்சியத்தின் அவசியத்தையும் அவர் நிலைநாட்டினார். அந்த நேர்மையே அவர் பெயரால் வழங்கும் கரைசலுக்கு அடித்தளம்.

கால்சியம் தசையைச் சுருங்கச் செய்வதோடு நில்லாமல், மின்சாரத்தையும் ஆளுகிறது என்பது விளங்க மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. நரம்பின் மின்துடிப்புக்குச் சோடியமே காரணம் என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் விளக்கிய மறுவருஷமே, நண்டின் தசைநாரில் சோடியம் இல்லாதபோதும் துடிப்பு எழுவதை ஃபாட்டும் காட்ஸும் கண்டனர். அதைச் சுமந்தது கால்சியம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. வெளித்திரவத்தில் கால்சியம் குறைந்தால் நரம்புச் சவ்வு எளிதில் கிளர்ச்சியுறும் என்பதை 1957-இல் ஃபிராங்கன்ஹாய்ஸரும் ஹாட்ஜ்கினும் அளந்து காட்டினர். 1976-இல் நெஹரும் சக்மனும் கண்ணாடி நுண்குழாயால் சவ்வின் ஒற்றைத் துவாரத்து மின்னோட்டத்தையே அளந்தபின், சிறிய உயிரணுக்களும் ஆராய்ச்சிக்கு இசைந்தன.

அவ்வழியே 1980-களின் இறுதியில், கோழியின் சூலகத்தில் மஞ்சட்கருவைச் சூழ்ந்து நின்று புரொஜெஸ்டிரோன் சுரக்கும் கிரானுலோசா உயிரணுக்களின் மின்னோட்டங்களும் அளவிடப்பட்டன. ஒரு முட்டையோட்டுக்கே ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியத்தை ஈயும் பறவைக்கு அதன் அளவு சாமானிய விஷயமன்று. முட்டையிடும் காலத்தில் கோழியின் இரத்தத்திலுள்ள மொத்தக் கால்சியம், இடாத காலத்தைவிட இரு மடங்குக்கு மேல் உயர்கிறது. உயிரணுவின் உள்ளேயோ, கட்டற்ற கால்சியம் வெளித்திரவத்தில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே. இந்த ஏற்றத்தாழ்வால் வெளியே கால்சியம் கூடினால் உள்நோக்கிய ஓட்டம் வலுக்கிறது. உள்ளே அது உயர்ந்தால், குளோரைடு செல்லும் வாயில்கள் திறக்கின்றன.

ஆகவே நுண்குழாயிலும் புறத்திலும் உள்ள கால்சியத்தின் அளவை எழுதாமல் ஒரு மின்னோட்டத்தை அளந்ததாகச் சொல்வதில் பொருளில்லை. எந்த நீரில் எவ்வளவு உப்பைக் கரைத்தோம் என்ற விவரத்தை ஆராய்ச்சிக் கட்டுரைகள் தவறாமல் தெரிவிப்பது வெறும் சம்பிரதாயமன்று. ரிங்கர் தம் பிழையினின்று கற்று, தமக்குப் பின் வந்தோருக்கு வகுத்த ஒழுக்கம் அது.