சோழர் அரசாணைகளின் வடிவ ஒழுங்கு

மன்னன் வாய்மொழியாக இட்ட கட்டளையை ஓலையிலும் செப்பேட்டிலும் கல்லிலும் வரையறுத்த ஒரே அமைப்பில் பதிவு செய்வது சோழர் ஆட்சியின் வழக்கம். காவிரிப் படுகையின் நிலக்கொடை ஆவணங்களில் இவ்வொழுங்கைத் தெளிவாகக் காணலாம்.

அமைப்பு

முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில், அரசனின் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தியுடன் ஆவணத்தைத் தொடங்கும் வழக்கம் நிலைபெற்றது. அதைத் தொடர்ந்து மன்னன் பெயர், ஆட்சியாண்டு, கொடைச் செய்தி, நில அளவு, நான்கெல்லை, கையெழுத்துகள் ஆகியன வருவது பொதுவான முறை. எல்லைகள் பெரும்பாலும் கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என வலமாகச் சொல்லப்பட்டன. நில அளவு வேலி, மா, காணி, முந்திரிகை எனப் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கியது. 20 மா ஒரு வேலி. 4 காணி ஒரு மா. தனி வயலைக் குறிக்கும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று எழுதினர்.

ஆனைமங்கலச் செப்பேடு

இம்முறைக்குச் சிறந்த சான்று ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் இது லைடன் செப்பேடு என்றும் பெயர் பெற்றது. இதில் 21 ஏடுகள் உள்ளன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்குமாறு, இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் தஞ்சாவூர் அரண்மனையில் ஆணையிட்டான். நிலம் 97 வேலிக்குச் சற்று மிகுதி. ஆண்டு வருவாய் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல்.

அரசன் வாய்ச்சொல்லைத் திருமந்திர ஓலை எழுதுவோர் எழுதினர், ஓலைநாயகர் ஒப்பமிட்டனர், வரித்துறையினர் கணக்கில் ஏற்றினர். பின்னர் அது திருமுகமாக நாட்டாரிடம் சென்றது. அவர்கள் பெண்யானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கொடுத்தனர். இராசராசனின் ஆணையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன்.

பயன்

வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கும் படுகையில் ஓர் எல்லை விடுபட்டாலும், எந்த வயலின் நெல் யாருக்குச் சேரும் என்ற வழக்கு எழும். பல கைகள் மாறும் ஆணையில் வரிசை மாறாதிருந்தால், விடுபட்ட பகுதி படிப்பவர் கண்ணில் உடனே படும். இன்றைய கணினிக் கட்டளைக் கையேடுகள் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்ற வரிசையை எல்லாப் பக்கங்களிலும் பின்பற்றுவதும் இத்தகைய தேவையால்தான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சிதைந்த கல்வெட்டில் அழிந்த சொற்களை ஆய்வாளர்கள் ஊகித்து நிரப்ப முடிவதற்கும் இந்த மாறாத வடிவமே துணைசெய்கிறது.