குற்றமா, குணமா?

ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறி வாழும் நம்மில் பலருக்குச் சொந்த ஊரின் புழக்கடை இன்றும் நினைவில் நிற்கும். பெருவிடையும் சிறுவிடையும் குப்பையைக் கிளறித் திரிந்த இடம் அது. பொரித்த குஞ்சுகளுள் ஒன்று கழுத்தில் இறகின்றியோ, ஐந்து விரல்களுடனோ, மிகக் குட்டையான கால்களுடனோ தோன்றினால், வீட்டார் முன் ஒரு கேள்வி எழும்: இதனை இனத்துக்கு வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா?

இக்கேள்வி மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, ஐந்து விரற்கோழிகளையே உயர்ந்த சாதியாக மதித்தார். அவருக்கு அது குற்றமன்று, குணம். ஆயினும், அவ்வியல்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு வரும் முறையை அறியப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதி விலங்கினத்துக்கும் பொருந்தும் என்று 1902-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வில்லியம் பேட்சன் காட்டினார். கோழியின் கொண்டை வடிவமும் மிகைவிரலுமே அவருக்குச் சான்றுகளாயின.

பின்னர் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. 'கிரீப்பர்' எனப்படும் குட்டைக்கால் கோழிகள் இரண்டை இணைத்தால், கருக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முட்டைக்குள்ளேயே மடிகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் காலைக் குறுக்கும் பரம்பரைக் காரணி, இருவரிடமிருந்தும் வந்தால் உயிரையே மாய்க்கிறது.

மொட்டைக் கழுத்தின் கதையோ வேறு. அக்காரணி ஒரு பங்காக வந்தால் இறகில் சுமார் 20 விழுக்காடும், இரு பங்காக வந்தால் சுமார் 40 விழுக்காடும் குறைகின்றன. குளிர்நாட்டில் இது குறையே. வெயில் நாட்டில் உடற்சூடு வெளியேற வழியாகிறது. நாம் வாழும் இந்நகரின் ராஜேந்திர நகரில் 1988-இல் தோன்றி, இன்று கோழியின ஆராய்ச்சி இயக்குநரகமாக விளங்கும் நிறுவனம், இத்தகைய கோழிகளை வெப்பத்தில் வளர்த்து ஆராய்ந்துள்ளது. புழக்கடைக்கென 'வனராஜா', 'கிராமப்பிரியா' என்னும் இனங்களை அளித்ததும் இந்நிறுவனமே.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கோணலாகத் தோன்றுவதெல்லாம் பரம்பரையால் வந்ததன்று. தீவனத்தில் ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் குறைந்தாலும் குஞ்சின் விரல்கள் உள்நோக்கிச் சுருளும். அதற்கு மருந்து நல்ல தீவனம், கத்தியன்று. ஒரே சேவலின் குஞ்சுகளில் ஒரே குறை மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், அதன் மகள்களோடு அச்சேவலை இணைய விடலாகாது. வேற்றுச் சேவலைக் கொணர வேண்டும். மறைந்திருக்கும் காரணிகள் நெருங்கிய உறவில்தான் எளிதில் வெளிப்படுகின்றன.

நடக்கவும் கொத்தித் தின்னவும் இயலாமல் செய்யும் குறையைப் பெருக்குவது அவ்வுயிருக்கு நாம் இழைக்கும் தீங்கு. அழகு குன்றியது என்பதற்காக வெயிலைத் தாங்கும் கோழியைக் கழிப்பதோ நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் நட்டம். ஊருக்குத் திரும்பும்போது புழக்கடையில் மொட்டைக் கழுத்துக் குஞ்சொன்றைக் கண்டால், ஒரு கோடை வரையேனும் அதனை வளர விட்டுப் பார்ப்போமாக.