பள்ளிக் கொள்முதற் சிக்கனம்

பள்ளிக் கொள்முதற் சிக்கனம்: கழிவு சேர்ந்தபின் அகற்ற முயல்வதைவிட, பொருளை வாங்குமுன்னரே அதன் அவசியத்தையும் அளவையும் ஆயுளையும் சிந்திக்கும் முறை. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவை உள்ளிட்ட தொழில்வட்டாரத்தில், வாகன ஆலைகள் உதிரிபாகங்களை வேண்டிய வேளைக்கு வேண்டிய அளவே தருவிக்கும் நியதி பள்ளிகளுக்கும் பொருந்துவதேயாம்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் முதலியன தடைசெய்யப்பட்டமையால், அவற்றை வாங்கும் வழக்கமே விலக்கத்தக்கதாயிற்று. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச்சக்கையினின்று செய்யப்படும் தாளைத் தேர்வது, மூலப்பொருளை நோக்கி வாங்குதற்கு உதாரணமாகும்.

மதிய உணவுண்டபின் குழாயடியில் கழுவி அடுக்கப்படும் எவர்சில்வர் தட்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மை தீர்ந்ததும் எறியப்படும் பந்துமுனைப் பேனாவுக்கு மாறாக, மைப்பேனா மீண்டும் மீண்டும் நிரப்பப்படும். மலிவு வேறு, சிக்கனம் வேறு.