ஷாநாமா

ஷாநாமா பாரசீக மொழியின் தலைசிறந்த காப்பியம். ஈரானியரின் தேசிய உணர்வுக்கு ஆணிவேராக விளங்கும் நூல். குராசானின் தூஸ் பகுதியைச் சேர்ந்த பிர்தௌசி இதை இயற்றி, 1010-இல் நிறைவுசெய்தார். இது ஏறத்தாழ 50,000 ஈரடிகளால் ஆனது.

ஈரானில் சாசானியர் ஆட்சியின் பிற்பகுதியில் மன்னர் வரலாறுகள் பகலவி மொழியில் ‘குவதாய் நாமக்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அரபுப் படையெடுப்பில் பேரரசு வீழ்ந்தபின், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் பெயர்த்தார். சாமானிய அரச மரபின் காலத்தில் பாரசீகம் மீண்டும் இலக்கிய மொழியாகத் தழைத்தது. தூஸை ஆண்ட அபூ மன்சூர் 957-இல் அறிஞர்களைக் கூட்டி உரைநடை ஷாநாமா ஒன்றைத் தொகுப்பித்தார். பிர்தௌசியின் முதன்மை மூலம் இதுவே. இன்று இதன் முன்னுரை மட்டும் எஞ்சியுள்ளது. பழங்கதைகளைச் செய்யுளாக்கத் தொடங்கிய தகீகி தம் அடிமையால் கொல்லப்பட, அவர் பாடிய சுமார் 1,000 ஈரடிகளைப் பிர்தௌசி அவர் பெயர் சுட்டியே தம் நூலில் சேர்த்துக்கொண்டார். பழமரபைப் பேணிய திஹ்கான் எனும் நிலக்கிழார் வகுப்பில் பிறந்தவர் பிர்தௌசி. நூலில் அரபுச் சொற்கள் குறைவாகவே உள்ளன.

முதல் மன்னன் கயோமர்த் தொடங்கி 651-இல் கொல்லப்பட்ட மூன்றாம் யஸ்தகிர்த் வரை கதை நீள்கிறது. பண்டைய பாரசீகப் பேரரசர் சைரசுக்கு இதில் இடமில்லை. கொடுங்கோலன் சஹ்ஹாக்கை எதிர்த்துத் தன் தோல் மேலாடையைக் கொடியாக உயர்த்திய கொல்லன் காவே, ஈரானிய விடுதலை உணர்வின் அடையாளமானான். காப்பியத்தின் பெருவீரன் ருஸ்தம் தன் மகன் என்றறியாமல் சொஹ்ராபைப் போரில் குத்தி வீழ்த்துகிறான். சாகும் தறுவாயில் மகன் காட்டிய மணியைக் கண்ட பிறகே உண்மை புரிகிறது. தான் அவன் தாயிடம் கொடுத்துச்சென்ற மணி அது. நக்கால்கள் எனும் கதைசொல்லிகள் கோல் ஏந்திக் காபிக்கடைகளில் இப்பகுதியைச் சொன்ன நாள்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் காப்பியத்தைச் சேர்த்த பெருமை இவர்களுக்கே உரியது.

ஈரானை ஆண்ட அயல் மரபினரும் இந்நூலைத் தமதாக்கிக்கொண்டனர். மங்கோலியர் காலத்தில் ஓவியங்களுடன் படிகள் எழுதப்பட்டன. பின்னர் சஃபாவிய மன்னர் தஹ்மாஸ்புக்காக உருவான படியில் 258 ஓவியங்கள் இருந்தன. முழுநூல் முதலில் அச்சேறியது கல்கத்தாவில், 1829-இல்.

நவீன தேசியத்தின் நூலாக இதை உயர்த்தியது ஈரான் மன்னர் ரெசா ஷாவின் அரசு. 1934-இல் பிர்தௌசியின் ஆயிரமாவது ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. தூஸில் எழுப்பிய நினைவு மண்டபமும் அப்போது திறக்கப்பட்டது. மன்னராட்சியை வீழ்த்திய 1979 புரட்சிக்குப் பின்னும் காப்பியத்தின் செல்வாக்கு நீடிக்கிறது. ஆப்கானிஸ்தானும் தஜிகிஸ்தானும் இதில் உரிமை கொண்டாடுகின்றன.