இடித்தவர் பொறுப்பு: நான்காம் விதிக்கு ஓர் உரை

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 மார்ச் 29 அன்று வெளியிட்ட கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகளில் 4ஆம் விதி, கழிவை உண்டாக்குபவரின் கடமையைச் சொல்கிறது. அதன் ஐந்து உட்பிரிவுகளின் சாரத்தையும், ஆண்டுக்கு நாலைந்து வீடு கட்டும் சிறு நிறுவனத்துக்கு அவை சொல்வதையும் பார்ப்போம்.

1. கழிவைச் சேகரிப்பதும், கான்கிரீட், மண், மற்றவை எனப் பிரிப்பதும், சேமிப்பதும் உண்டாக்கியவர் பொறுப்பு.

இங்கே டன் கணக்கு எதுவும் இல்லை. ஒரு குளியலறைச் சுவரை இடித்தாலும் இது பொருந்தும். லாரிக்குப் பணம் கொடுத்ததோடு கடமை தீர்ந்துவிடாது. முதலில் கழிவே சேராமல் பார்க்க வேண்டும். பூச்சு வேலையில் கொத்தனார் அடிக்கும் கலவையில் ஒரு பங்கு கீழே விழும். சுவரோரம் பாலித்தீன் விரித்தால் இறுகும் முன் வழித்தெடுத்து அதே சுவரில் பூசலாம். விட்டால் மறுநாள் கொத்திப் பெயர்த்து அள்ளக் கூலி தர வேண்டும்.

2. வேறு குப்பை இதில் கலக்கக் கூடாது.

சாப்பாட்டுப் பொட்டலமும் பெயிண்ட் டப்பாவும் மட்டுமல்ல, ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சமும் கான்கிரீட்டைக் கெடுக்கும். அதிலுள்ள சல்பேட் சிமெண்டுக்குப் பகை. சுத்தமான கான்கிரீட் இடிபாட்டை உடைத்த ஜல்லியை, எம்25 வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்க ஐஎஸ் 383 தரநிலை (2016) இடம் தருகிறது. கலந்த குவியலிலிருந்து அந்த ஜல்லி கிடைக்காது.

3. ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன் கழிவு வந்தால், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்க வேண்டும். வேலைக்கு முன்பே திட்டம் தந்து உள்ளாட்சியின் ஒப்புதல் பெற வேண்டும்.

'இது பெரிய கம்பெனிகளுக்கு' என்று பலர் கடந்துவிடும் பிரிவு இதுதான். மத்திய அரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பான டைஃபாக்கின் (TIFAC) கணக்கின்படி புதுக் கட்டுமானத்தில் சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும். இடிப்பில் 300 முதல் 500 கிலோ. 100 சதுர மீட்டர் பழைய வீட்டை இடித்தால் 30 முதல் 50 டன். ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் சிறு நிறுவனமும் வரம்பைத் தாண்டிவிடும். கதவு, ஜன்னல், உத்திரம், முழுச் செங்கல் ஆகியவற்றை முதலில் கையால் கழற்றுங்கள். அவற்றை வாங்க ஆள் உண்டு.

4. கழிவை வளாகத்துக்குள் வைக்க வேண்டும், அல்லது உரிய மையத்தில் சேர்க்க வேண்டும்; சாலையும் வடிகாலும் அடைபடக் கூடாது.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. இரவில் ஏரிக்கரையில் கொட்டும் லோடு, அடுத்த மழையில் தெருவுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும்.

5. கட்டணம் செலுத்த வேண்டும்.

எஸ்டிமேட்டிலேயே இதற்கு ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு தகராறு இல்லை.

இந்த விதிகளுக்குப் பதிலாக வரும் 2025ஆம் ஆண்டு விதிகளுக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. மறுசுழற்சி இலக்குடன் கூடிய விரிவான பொறுப்பு அவற்றில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கே. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் கிடக்கும் குவியல்களில் பெரும்பாலானவை சிறு வேலைகளுடையவை. சட்டம் கேட்கும்வரை காத்திராமல், அடுத்த வேலையிலேயே பிரிக்கும் பொறுப்பை மேஸ்திரி ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.