கோப்பையும் கோலும்

டாரட் என்னும் படச்சீட்டுகளைப் பரப்பிக் குறி சொல்வோர், தனிச்சீட்டு ஒன்றைக் காட்டிப் பலன் உரைப்பதோடு அமைவதில்லை. இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்து, ஒன்று மற்றதன் பொருளை எவ்வாறு மாற்றுகிறது என்று பார்ப்பதே அவர்களது வித்தையின் நுட்பமான பகுதி. கோப்பை ராஜாவும் கோல் ராஜாவும் அடுத்தடுத்து விழுந்தனர் என்று கொள்வோம். கோப்பை நீரைக் குறிக்குமாம். கோல் நெருப்பைக் குறிக்குமாம். நீருக்கும் நெருப்புக்கும் பகை. எனவே ஒருவர் வலிமையை மற்றவர் குறைப்பார் என்பது இலண்டன் வழி வந்தோர் வகுத்த விதி. திருமணப் பொருத்தம் கேட்டு எதிரே அமர்ந்திருப்பவருக்கு இது விளையாட்டுப் பேச்சன்று. நல்ல சம்பந்தம் ஒன்றை இதற்காகவே கைவிடவும் அவர் துணியக்கூடும். ஆகவே இந்தப் பகை எங்கே பிறந்தது, அதை மூட்டியவர் யார் என வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பது தகும்.

சீட்டுகள் ஐரோப்பாவிற்கு முஸ்லிம் நாடுகளிலிருந்தே சென்றன. 1377ஆம் ஆண்டில் ஃபுளோரன்ஸ் நகரத்தார், தம் ஊருக்குப் புதிதாக வந்த 'நாயிபே' என்னும் ஆட்டத்திற்குக் கட்டுப்பாடு விதித்தனர். விட்டெர்போ நகரின் பழைய வரலாற்றுக் குறிப்பொன்று, 1379இல் அவ்வூருக்கு வந்த சீட்டாட்டம் சாரசனியர் நாட்டிலிருந்து வந்ததென்றும், அங்கே அதன் பெயர் 'நாயிப்' என்றும் கூறுகிறது. ஸ்பானியர் இன்றும் சீட்டை 'நைப்பே' என்றே வழங்குகின்றனர். 'நாயிப் காஜி' என்னும் பதவிப் பெயரைக் கேட்டுப் பழகிய நம் குடும்பத்தாருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. துணைவர், பிரதிநிதி என்பதே அதன் பொருள்.

துணைவர் எவ்வாறு சீட்டிற்குள் புகுந்தார்? விடை இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இருந்தது. எல். ஏ. மாயர் என்னும் அறிஞர் 1931இல் அங்கே ஒரு பழைய சீட்டுக்கட்டைக் கண்டு, 1939இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கட்டு அது. கோப்பை, நாணயம், வாள், சௌகான் கோல் என நான்கு வகைகள். வகைக்குப் பதின்மூன்று சீட்டுகள். ஒவ்வொரு வகையிலும் பத்து எண் சீட்டுகளுக்கு மேலே மலிக், நாயிப், இரண்டாம் நாயிப் என மூன்று பதவிச் சீட்டுகள். மனித உருவம் எதுவும் தீட்டப்படவில்லை. பதவியின் பெயரை அழகிய எழுத்தில் பொறித்ததோடு நின்றனர்.

சௌகான் என்பது குதிரை மீதமர்ந்து கோலால் பந்தடிக்கும் ஆட்டம். இன்று போலோ எனப்படுவது. மம்லூக் அவையில் சுல்தானுக்குப் பானம் அளிப்பவர் ஸாகீ. அவருடைய சின்னம் கோப்பை. சௌகான் கோல்களுக்குப் பொறுப்பானவர் ஜூகந்தார். அவருடைய சின்னம் அக்கோல்களே. வாள் ஏந்துபவர் ஸிலாஹ்தார். இத்தகைய சின்னங்களை அமீர்கள் தம் விளக்குகளிலும் பாத்திரங்களிலும் கட்டடங்களிலும் பொறித்துக்கொண்டனர். ஆக, கெய்ரோவில் கோப்பையும் கோலும் ஒரே அரசனுக்கு ஊழியம் புரிந்த இருவரின் அடையாளங்கள். நீர், நெருப்பு என்ற பேச்சே அங்கில்லை. அச்சீட்டுகள் ஆடுவதற்கே உரியன. பிற்காலத்தில் சுல்தானான அல்முஅய்யத், கஞ்சிஃபா என்னும் சீட்டாட்டத்தில் பெரும்பொருள் வென்ற செய்தியை இப்னு தக்ரீபிர்தீ எழுதியிருக்கிறார். சூது விலக்கப்பட்டது என்பது அரண்மனைகளில் எப்போதும் நினைவில் நின்றதில்லை போலும்!

கட்டு கடல் கடந்தது. சௌகான் ஆட்டத்தை அறியாத இத்தாலியர் கையில் ஆட்டக்கோல் வெறுந்தடியாயிற்று. பிறகு அவர்கள் பதவிச் சீட்டுகளில் ராணியைச் சேர்த்தனர். காதலர், மரணம், ஞாயிறு, திங்கள் போன்ற 22 படச்சீட்டுகளையும் கூட்டினர். மொத்தம் 78 ஆனது. 1440 முதல் இதைப் பற்றிய குறிப்புகள் கிடைக்கின்றன. மிலான் கோமகன்கள் பொன் தகடு பதித்து வரைவித்த கட்டுகள் இன்றும் உள்ளன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், சிறு தடயங்கள் சில நீங்கலாக, டாரட் விளையாட்டாகவே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டுத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூல் இதைச் சான்றுகளோடு நிறுவியது.

குறி பாரிஸ் நகரில் புகுந்தது. கூர் டி ஜெபெலின் என்பவர் 1781இல், டாரட் பண்டை எகிப்தியக் குருமாரின் மறைநூல் என்று எழுதினார். 'டாரட்' என்பதே எகிப்தியச் சொல் என்றார். அதற்கு 'அரச பாதை' எனப் பொருளும் கூறினார். எகிப்தின் பட எழுத்தை ஷாம்போலியன் படித்தறிந்தது 1822இல்! தெரியாத மொழிக்கு அகராதி சொல்வது எளிது. மறுப்பார் இல்லை அன்றோ? ஆயினும் எகிப்து என்றதில் அவரறியாத அரையுண்மை ஒன்றிருந்தது. படச்சீட்டுகள் இத்தாலியருடையவை, ஆனால் எஞ்சிய நான்கு வகைகளின் வேர் எகிப்திலேதான் இருந்தது. குருமாரின் எகிப்தன்று, சுல்தான்களின் எகிப்து.

சேர்க்கைப் பலனுக்கு முன்னோடி, எட்டெய்லா என்ற புனைபெயர் கொண்ட அலியெட். 1770இல் சாதாரணச் சீட்டுக்கட்டால் குறி பார்க்க நூல் எழுதியவர், பின்னர் டாரட்டையும் எடுத்துக்கொண்டார். ஒரே பதவியுள்ள சீட்டுகள் இரண்டு, மூன்று, நான்கு சேர்ந்து வந்தால் தனிப்பொருள் என்பது அவர் வழி. பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் வரைந்து 1909இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டிற்கு விளக்கம் எழுதிய ஏ. ஈ. வெய்ட்டும் அத்தகைய பட்டியலொன்றைத் தந்தார். இரண்டு ராஜாக்கள் கூடினால் சிறு ஆலோசனை. இரண்டு ராணிகள் உண்மை நட்பு. மூன்று ராணிகள் பெண்களால் வஞ்சனை! இது எந்தக் குருவின் ஞானம்? ஆண்கள் கூடிப் பேசிய வம்பாகவே எனக்குத் தோன்றுகிறது.

நீர் நெருப்புப் பகையோ இன்னும் பிந்தியது. 1888இல் இலண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' என்னும் மறைச்சங்கம் கோலுக்கு நெருப்பையும், கோப்பைக்கு நீரையும், வாளுக்குக் காற்றையும், நாணயத்திற்கு மண்ணையும் ஒதுக்கி, எது எதற்கு நட்பு, எது எதற்குப் பகை என்று அட்டவணை வகுத்தது. வெய்ட்டும் ஸ்மித்தும் இச்சங்கத்தைச் சேர்ந்தவர்களே. இப்போது நம் இரு ராஜாக்களையும் மீண்டும் பாருங்கள். வெய்ட்டின் பட்டியல்படி அவர்கள் கூடி ஆலோசிக்கின்றனர். அவருடைய சங்கத்தின் விதிப்படி ஒருவரையொருவர் நலிவிக்கின்றனர். எதிரே அமர்ந்திருப்பவர் எதை நம்புவது?

இத்தாலியின் பொலோனா நகரில் பழைய டாரட் ஆட்டம் இன்றும் ஆடப்படுகிறது. அங்கே கோப்பை ராஜா முதலில் இறங்கி, கோப்பையும் துருப்பும் கையில் இல்லாதவர் கோல் ராஜாவைப் போட நேர்ந்தால், கோப்பையே வெல்லும். கோல் ராஜாவின் மதிப்பெண்ணும் வென்றவர் கணக்கில் போய்ச் சேரும்.